மனை வாங்கிக் கொடுத்த பாதிரிமார்

"மிஷன் ட்ரிப்"னு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவிலோ கொரியாவிலோ ஒரு சர்ச்சில் இருந்து இருபது பேர் கிளம்புவாங்க. ரெண்டு வாரம் லீவு. டிக்கெட் சொந்தக் காசு. போய் இறங்கின ஊரில் ஒரு ஏழைக் குடும்பத்துக்குச் செங்கல் சுமந்து, கலவை குழைச்சு, வீடு கட்டிக் கொடுத்துட்டு போட்டோ பிடிச்சுக்கிட்டுத் திரும்புவாங்க. இது சேவையா சுற்றுலாவான்னு அங்கே பெரிய சண்டையே நடக்குது. அந்த டிக்கெட் காசை இங்கே அனுப்பியிருந்தா உள்ளூர்க் கொத்தனாருக்கு வேலையும் ஆச்சு, ரெண்டு வீடு கூடுதலாவும் ஆச்சுன்னு ஒரு கட்சி. பகலில் வெள்ளைக்காரப் பசங்க கட்டின சுவரை ராத்திரி கொத்தனார் வந்து இடிச்சுட்டுத் திருத்திக் கட்டுவார்னு ஒரு கிண்டல் கதைகூட உண்டு. :)

இந்தச் சண்டை ஏதோ நேத்து முளைச்சது மாதிரி பேசுறாங்க. நம்ம தெக்கத்திச் சீமையில் இதுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல வயசு. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல எங்க கடற்கரையில் இருந்து ஆரம்பிக்கிறேன். பெரியபட்டினம்னா சிலருக்கு தர்கா சந்தனக்கூடு ஞாபகம் வரும். வரலாற்று ஆர்வலர்களுக்கு, 1987ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டினப்போ கிடைச்ச சீனப் பீங்கான் ஓடுகள் ஞாபகம் வரும். அங்கிருந்து கிழக்கே மண்டபம் போற வழியில் வேதாளைன்னு ஒரு ஊர். 1549ல் அந்தோனியோ கிரிமினாலின்னு ஒரு இத்தாலிய சேசு சபைப் பாதிரியார் அங்கேதான் கொல்லப்பட்டார். (பேரைப் பார்த்து ஏதும் நினைச்சுக்காதீங்க, அது அவங்க குடும்பப் பேரு!) வேதாளையில் இருந்த போர்த்துக்கீசியத் தளபதி, ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களை மறிச்சு வரி வாங்க நினைச்சு பாதையின் குறுக்கே பள்ளம் வெட்டினான். கேட்கணுமா? வடுகர் படை வந்து இறங்கிருச்சு. தளபதி கப்பலுக்கு ஓடிட்டான். பாதிரியார் மட்டும் கரையில் நின்னு பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏத்திக்கிட்டு இருந்தார். அங்கேயே ஈட்டிக்கு இரையானார்.

அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1544ல், இதே மாதிரி ஒரு தாக்குதலில் குமரிமுனைப் பக்கத்துப் பரதவர்கள் வீடு வாசலை விட்டுட்டுப் பாறை இடுக்கில் ஒளிஞ்சிருந்தாங்க. பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டில் இருந்து இருபது தோணியில் சாப்பாடு ஏத்திக்கிட்டுக் கிளம்பினார். காத்து எதிர்க்காத்து. தோணி நகரவே இல்லை. திரும்பி வந்து நடந்தே போனார். அப்புறம் 1604 வாக்கில் மதுரை நாயக்கர் ஆளுங்க தூத்துக்குடியைச் சூறையாடினப்போ, சேசு சபைக்காரங்க பரதவர்களைக் கூட்டிக்கிட்டு எதிரே இருக்கிற தீவுக்கே குடிபோயிட்டாங்க. கோயிலும் குடியிருப்புமா ஒரு ஊரே அங்கே எழும்புச்சு. சில வருஷம்தான். மறுபடி கரைக்கே வந்துட்டாங்க.

இதெல்லாம் படையெடுப்புக் காலத்து அவசரம். "ஏழைக் குடும்பத்துக்கு வீடு" என்ற யோசனை இன்னும் வரலை. அது வந்தது தேரிக்காட்டில்.

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்துக்காரங்களுக்குத் தேரின்னா சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு: செக்கச்செவேல்னு மணல், மேல பனை, முள்ளு, காத்தடிச்சா மண்ணே இடம் மாறும். அங்கே ஒரு குடிசை போட என்ன வேணும்? பனங்கை, பனையோலை, நார்க்கயிறு, சொந்தக்காரங்க நாலு பேர். ஒரு வாரத்தில் முடிஞ்சிரும். அதனால வீடு கட்டுறது அங்கே யாருக்கும் பெரிய பிரச்சினையே இல்லை. அந்த வீடு நிக்கிற மண் யாருதுங்கிறதுதான் பிரச்சினை. பனையேறியின் குடிசை நிக்கிற மண், பெரும்பாலும் அவன் ஏறுற மரத்தைப் போலவே, இன்னொருத்தருடையது. அவருக்குக் கோபம் வந்தா காலையில் இருந்த வீடு சாயங்காலம் இருக்காது.

1790கள் கடைசியில் இந்தப் பகுதியில் சில நாடார் குடும்பங்கள் கிறிஸ்தவத்துக்கு மாறினாங்க. அதுக்குக் காரணமா இருந்தவர் தாவீது சுந்தரானந்தம், அந்தப் பக்கத்து ஆளேதான். தஞ்சாவூர் மிஷனில் படிச்சுட்டு உபதேசியாரா வந்தவர். மாறினவங்களுக்கு அடி, உதை, ஜெபக்கூடம் இடிப்பு. தாவீது கொஞ்சம் சண்டைக்காரர்னு சொல்வாங்க, கம்பு எடுக்கவும் தயங்காத ஆள். ஆனா அவருக்கே ஒரு கட்டத்தில் புரிஞ்சிருக்கு, கம்பு போதாது, மண் வேணும்னு. பாளையங்கோட்டையில் இருந்த எவரெட் என்கிற ஆங்கிலேயக் கேப்டன் பணம் கொடுத்தார். அதில் ஒரு துண்டு நிலம் வாங்கி, இருபத்தெட்டு பேரைக் கொண்டுபோய்க் குடியேத்தினாங்க. முதல்ல வந்த ஊர், அதனால பேரு முதலூர். வருஷம் 1799.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அதே 1799 அக்டோபரில்தான் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டாங்க. பாளையக்காரர் அதிகாரம் சரியுது, கம்பெனி அதிகாரம் ஏறுது. யார் நிலம், யார் வரி, யார் கேட்கிறதுன்னு எதுவும் தெளிவா இல்லாத காலம். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் இருபத்தெட்டு பேருக்கு விலை கொடுத்து வாங்கின ஒரு இடம் கிடைச்சிருக்கு. கட்டபொம்மன் கதையைச் சினிமாவில் பார்த்த நமக்கு இந்த இருபத்தெட்டு பேர் கதையை யாரும் சொல்லித் தரலை. ரெண்டும் ஒரே மாவட்டம், ஒரே வருஷம்.

அடுத்து வந்தவர்தான் இந்தக் கதையின் நாயகர். சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ். 1790ல் பிரஷ்யாவில் பிறந்தவர், 1814ல் சென்னைக்கு வந்து, 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சி.எம்.எஸ். சங்கத்து ஆள். தமிழில் நல்ல புலமை. புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார், பூமிசாஸ்திரம்னு பாடப்புத்தகம் போட்டார். இதெல்லாம் பலரும் எழுதிட்டாங்க. அவர் நிலம் வாங்கினதைப் பத்திப் பேசுறவங்க கம்மி.

ரேனியஸ் காலத்தில் ஊர் ஊரா மக்கள் மாறிக்கிட்டே இருந்தாங்க. கூடவே பழைய கதையும். மாறினவன் குடிசைக்குத் தீ, மாறினவனுக்குக் கிணத்தில் தண்ணி இல்லை, மனையைக் காலி பண்ணு. பிரஷ்யாவில் இருந்த தோனா பிரபுகிட்ட இருந்து ஒரு நன்கொடை வந்தது. புலியூர்க்குறிச்சி என்கிற இடம் 1827ல் அவர் பேரால் டோனாவூர் ஆச்சு. ஐரோப்பாவில் எங்கேயோ இருந்த ஒரு பிரபுவின் பேரை, அவரை ஒரு தடவைகூடப் பார்க்காத மக்கள் இன்னைக்கும் தினமும் பஸ் கண்டக்டர்கிட்டச் சொல்லி டிக்கெட் வாங்குறாங்க. (1901ல் ஏமி கார்மைக்கேல் வந்து தங்கி, ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினதும் இதே டோனாவூர்தான். 1951ல் அங்கேயே இறந்தார்.)

ஆனா ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பிரபுவை எங்கே தேடுறது? 1830ல் ரேனியஸ் ஒரு சங்கம் ஆரம்பிச்சார். தர்ம சங்கம். இதன் வேலை ஒண்ணே ஒண்ணுதான்: துன்பப்படுற குடும்பங்களைக் குடியேத்த நிலமும் வீடும் வாங்குறது. எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச விஷயம், உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் இதுக்குக் காசு போட்டாங்க. வெளிநாட்டுப் பணம் மட்டும் இல்லை. பனையேறியும் உபதேசியாரும் போட்ட காசும் சேர்ந்துதான் இன்னொரு பனையேறிக்கு மனை ஆச்சு. இப்போ அரசாங்கப் பாஷையில் "பயனாளி"ன்னு சொல்றாங்களே, அந்த வார்த்தை இங்கே அவ்வளவாப் பொருந்தாது.

இப்படி வந்த ஊர்களின் பேரைப் பாருங்க. நாசரேத், பெத்லகேம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், மெய்ஞ்ஞானபுரம், அடைக்கலபுரம். கடைசிப் பேரே போதும், எதுக்காக வந்த ஊர்னு தெரிஞ்சுக்க. சாயர்புரம் மட்டும் 1814லயே சாயர் என்கிற வியாபாரியின் பேரால் வந்தது.

மெய்ஞ்ஞானபுரத்தைப் பத்தித் தனியாவே ஒரு பதிவு போடலாம். பழைய பேரு நெடுவிளை. 1837ல் வேல்ஸ் நாட்டுக்காரர் ஜான் தாமஸ் வந்தப்போ சுத்திலும் மணல்தான். மனுஷன் கிணறு வெட்டினார், இன்னொரு கிணறு வெட்டினார், மரம் வெச்சார். முப்பது வருஷத்துக்கு மேல அங்கேயே இருந்து 1870ல் அங்கேயே இறந்தார். இப்போ அந்த ஊர்க் கோபுரம் 192 அடி, தூரத்தில் இருந்தே தெரியும். எல்லாரும் கோபுரத்தைத்தான் போட்டோ எடுப்பாங்க. என்னைக் கேட்டா கிணத்தை எடுக்கணும். தேரியில் தண்ணி இல்லாம மனை மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம்?

கால்டுவெல்லை விட்டுட்டா நம்ம தமிழார்வலர்கள் சண்டைக்கு வந்துருவாங்க. 1841ல் இடையன்குடிக்கு வந்தவர், ஒப்பிலக்கணம் எழுதுறதுக்கு முன்னாடி செஞ்ச வேலை ஊரை அளந்தது. நிலம் வாங்கி, நேர்கோட்டில் தெரு போட்டு, கிணறு வெட்டி, மரம் நட்டார். இன்னைக்குப் போனாலும் அந்தத் தெருக்களோட நேர்த்தி தெரியும். அவர் மனைவி எலைசா நாகர்கோவில் மால்ட் பாதிரியார் மகள். அம்மாகிட்டக் கத்துக்கிட்ட லேஸ் பின்னலை இடையன்குடிப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குள்ள ஒரு வருமானம். அந்தத் தேவாலயத்தைக் கட்டி முடிக்க 1847ல் இருந்து 1880 வரைக்கும், முப்பத்து மூணு வருஷம் ஆச்சு. தெருவும் கிணறும் அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்திருச்சு. இந்த வரிசை எனக்குச் சரியாத்தான் படுது. அவர் குடியிருந்த வீடு இப்போ அரசு நினைவில்லம்.

சரி, எல்லாம் நல்லதுதானா? இல்லைங்க.

மனை யார் பேரில் இருந்ததுன்னு கேளுங்க. பெரும்பாலும் மிஷன் பேரில், இல்லைன்னா சங்கத்துப் பேரில். பழைய நிலக்காரர் துரத்த மாட்டார், உண்மைதான். ஆனா இப்போ நிலக்காரர் பாதிரியார். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரலைன்னா அவர் கேட்பார். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலைன்னா கேட்பார். கல்யாணம், சாவு, திருவிழான்னு எல்லாத்திலும் கேட்பார். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பச் சொன்னது நல்லதுக்குத்தான். ஆனாலும், தலைக்கு மேல கூரை கொடுத்தவனே மனசாட்சிக்கும் கணக்குக் கேட்டா, அது எப்படிப்பட்ட வீடு?

இந்தக் கேள்வி அப்பவே வெடிச்சது. ஒரு தடவை மேலிடத்தில், ஒரு தடவை கீழே.

மேலிடத்து வெடிப்பு 1835ல். ஆங்கிலிக்கன் சபையை விமர்சிச்சு எழுதினதுக்காக ரேனியஸை சி.எம்.எஸ். வேலையை விட்டே நீக்கிருச்சு. உபதேசியார்களில் பெரும்பாலானவங்க அவர் பக்கம். ஊர் ஊரா ரெண்டு கட்சி. கோயில் யாருது, பள்ளிக்கூடம் யாருதுன்னு தகராறு. ஒரு சங்கம் தன் பேரில் வெச்சிருக்கிற சொத்தின் மேல் மக்கள் வாழ்க்கை நின்னா இப்படித்தான் ஆகும். 1838ல் ரேனியஸ் இறந்தப்புறம் அவர் கூட இருந்த மிஷனரிகள் மறுபடி சி.எம்.எஸ்.ஸில் சேர்ந்தாங்க. அவர் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கு.

கீழே இருந்து வந்த வெடிப்பு இன்னும் சுவாரசியம். நாசரேத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தர், நல்ல படிப்பாளி. மிஷனரிகளோட முட்டிக்கிச்சு. நாடார்களைப் பத்தி மிஷனரிகள் எழுதினதும் அவருக்குக் கொதிப்பு. 1857ல் பக்கத்துப் பிரகாசபுரத்தில் இந்துக் கிறிஸ்தவ சபைன்னு தனியா ஆரம்பிச்சுட்டார். வெள்ளைக்காரன் காசும் வேண்டாம், வெள்ளைக்காரன் வழக்கமும் வேண்டாம்னு ஒரு கூட்டம் அவர் பின்னாடி போச்சு. கிறிஸ்துவை விடலை, மிஷனை விட்டாங்க. அப்படி வெளியேறத் தைரியம் வரணும்னா காலுக்குக் கீழே கொஞ்சமாவது சொந்த மண் இருக்கணும்ல? 1799க்கும் 1857க்கும் நடுவில் சில குடும்பங்களாவது அந்த நிலைக்கு வந்திருந்தது. மிஷன் கொடுத்த படிப்புக்கும் அதில் பங்கு உண்டு. கொடுத்தவங்களுக்கு அது பிடிச்சிருக்காது, அது வேற விஷயம்.

இப்போ கடல் தாண்டி ஒரு எட்டு.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் 1942ல் கிளாரன்ஸ் ஜோர்டான்னு ஒரு பாப்டிஸ்ட் ஊழியர் கொய்னோனியான்னு ஒரு பண்ணை ஆரம்பிச்சார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடுற பண்ணை. 1950களில் அந்தப் பண்ணை மேல துப்பாக்கிச் சூடு, குண்டு வீச்சு, ஊரே சேர்ந்து பொருள் விக்க மறுப்பு. நம்ம தேரிக்காட்டுக் கதை மாதிரி இல்லை? 1965ல் மில்லர்ட் ஃபுல்லர்னு ஒரு கோடீஸ்வர வக்கீல் சொத்தையெல்லாம் விட்டுட்டு அங்கே வந்து சேர்ந்தார். 1968ல் அங்கே ஏழைகளுக்கு வீட்டுத் திட்டம் தொடங்குச்சு. லாபம் கிடையாது, கடனுக்கு வட்டி கிடையாது, வீடு வாங்குறவங்களும் கூட நின்னு உடம்பால உழைக்கணும். 1973ல் ஃபுல்லர் ஆப்பிரிக்காவில் ஜயரில் போய் இதையே செஞ்சு பார்த்தார். 1976ல் ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டி. 1983ல் நம்ம நாட்டில் ஆந்திராவின் கம்மத்தில் (இப்போ தெலங்கானா) ஆரம்பிச்சாங்க. 2006ல் லோனாவாலா பக்கம் மாளவ்லியில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரே வந்து தொண்டர்களோட நூறு வீடு கட்டினது செய்தியில் வந்தது.

இதில் முக்கியமான வித்தியாசம், வீடு அந்தக் குடும்பத்துக்கே சொந்தம். கடனைக் கட்டி முடிச்சா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். தர்ம சங்கத்தில் இல்லாத விஷயம் இது. இன்னொரு ஒற்றுமையும் இருக்கு, சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை: ரேனியஸை 1835ல் அவர் சங்கமே நீக்குச்சு. ஃபுல்லரை 2005 ஜனவரியில் அவர் ஆரம்பிச்ச அமைப்பே நீக்குச்சு.

2005 ஜனவரின்னா நமக்கு வேற ஞாபகம். சுனாமி வந்து ஒரு மாசம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. எங்க பாக் நீரிணை, மன்னார் வளைகுடாக் கரையை இலங்கை மறைச்சதால பெரிய சேதம் இல்லை. (எங்களுக்கு 1964 டிசம்பரிலேயே தனுஷ்கோடியில் கணக்கு முடிஞ்சது. அங்கே இருந்த மக்களுக்கு ஊரைத் திருப்பிக் கட்டிக் கொடுக்கலை. வாழத் தகுதியில்லாத இடம்னு அறிவிச்சதோட சரி.) சுனாமிக்கு அப்புறம் கடற்கரை முழுக்கத் தொண்டு நிறுவனங்கள். கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., ராமகிருஷ்ணா மடம், மாதா அமிர்தானந்தமயி மடம்னு யாரும் பாக்கி இல்லை. அரசாங்கம் நிலம் கொடுக்கும், நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வீடு கட்டணும். வீடு சுமார் 325 சதுர அடி, மதிப்பு ஒண்ணரை லட்சம். பட்டா புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேர் பேரிலும். இந்தக் கடைசி விஷயத்துக்கு அந்த அதிகாரிகளுக்கு ஒரு கும்பிடு. ரேனியஸுக்கும் கால்டுவெல்லுக்கும் தோணாதது.

ஆனா அதிலும் ஒரு முள். கடலுக்குப் பக்கத்தில் இருந்த மீனவர், உள்ளே தள்ளிப் புது வீடு வேணும்னா கரையோரத்துப் பழைய மனையை விட்டுக் கொடுக்கணும்னு 2005ல் வந்த அரசாணை சொல்லுச்சு. மீனவனுக்குக் கரை வெறும் மனை இல்லை. வலை காய்றது, வள்ளம் ஏத்துறது, மீன் பிரிக்கிறது எல்லாம் அங்கேதான். அம்மா அப்பா காலத்தில் இருந்து பட்டா இல்லாமலே அனுபவிச்ச இடம். கான்கிரீட் கூரையை வாங்கிக்கிட்டு அதைக் கொடுக்கிறதா? பல ஊர்களில் பஞ்சாயத்து கூடிக் கூடிப் பேசினாங்க. சில ஊர்களில் நல்லா நின்ன ஓட்டு வீட்டையும், நிழல் கொடுத்த மரத்தையும் புதுக் காலனிக்காகக் காலி பண்ணினதும் நடந்துச்சு. வெயில் காலத்தில் அந்தத் தளத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தவங்களுக்கு ஓலைக் குடிசையின் அருமை தெரியும்.

இதை முன்னாடியே சொன்ன ஒருத்தர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்த குவேக்கர். 1945ல் தொழுநோயாளிகளுக்கான மிஷனுக்குக் கட்டடம் கட்ட இந்தியா வந்தவர். படிச்சுட்டு வந்த படிப்பு இங்கே உதவாதுன்னு கண்டுக்கிட்டு, ஊர்க் கொத்தனாரும் ஊர் வீடும் என்ன செய்யுதுன்னு பார்த்துக் கத்துக்கிட்டார். பக்கத்தில் கிடைக்கிற மண், கல், செங்கல், சுண்ணாம்பு போதும்னு வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காட்டினார். செங்கலைச் செங்குத்தா நிறுத்தி உள்ளே இடைவெளி விட்டுக் கட்டுற எலிப்பொறிச் சுவர் அவர் பரப்பினது. செங்கல் மிச்சம், வீட்டுக்குள் சூடும் கம்மி. 2007ல் திருவனந்தபுரத்தில் இறந்தார். சுனாமிக் குடியிருப்புகளில் எத்தனையில் அவர் பேச்சைக் கேட்டாங்கன்னு நான் சொல்லணுமா?

அடுத்த தடவை உவரி, மணப்பாடுன்னு போறவங்க சாத்தான்குளம் பக்கம் திரும்பி முதலூருக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வாங்க. இருபத்தெட்டு பேரோட ஆரம்பிச்ச ஊர், இப்போ பெரிய ஊர். தேங்காய்ப் பாலில் கிண்டுற மஸ்கோத் அல்வாவுக்கும் அதுதான் பேர் போன இடம். மறக்காம அரைக்கிலோ வாங்கிருங்க, நெய்யே இல்லாம வழுக்கிக்கிட்டு உள்ளே போகும்.